தப்பு என் மேலதான்

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நான்கு குடமும் நிறைய ஆறு ஐந்து ஆயிற்று. ஆலைப் புகைபோக்கியிலிருந்து வந்து ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருந்த சாம்பலை ஈரத்துணியால் துடைத்தேன். வட்டம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் டவுன்ஷிப் பிளாக்கைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். இட்லி நான்கு. வார விடுமுறை என்பதால் பீரோவின் கீழ்த்தட்டைத் துடைக்க எடுத்தேன். மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமைக்கு உரிய வேலை அது.

பத்து நாற்பதுக்கு வட்டத்து நாடக மன்றத்தின் புதுச் செயலாளர் போன் செய்தார். முப்பது வயதுப் பையன். பொங்கலுக்குப் பழைய நாடகத்தையே மறுபடி போடப்போகிறார்களாம். நாடகப் பொருள்கள் இருக்கும் தகரப்பெட்டி என்னிடம்தான் இருக்கிறது என்று பழைய உறுப்பினர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி இருக்கிறது, பட்டியலும் இருக்கிறது, சரிபார்த்துவிட்டுச் சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

நான் ஆலை ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன். பட்டியலில் இருக்கும் பொருள் பெட்டியில் இருக்க வேண்டும். வெள்ளிப்பூண் கைத்தடி இருந்தது. பித்தளை மைக்கூடு இருந்தது. சிவப்புத் துணி அட்டை போட்ட சாவுப் பதிவேடு இருந்தது. பதினான்காம் எண்ணில்தான் நின்றேன். "பெண்ணின் படம்: பெரியது 1, சிறியது 1, சட்டம் 1." சட்டம் மட்டும் காலியாக இருந்தது. பெரிய படத்துக்கு நேரே "உரியவரிடம் கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. சிறிய படத்துக்கு நேரே, "காணவில்லை. பொறுப்பு: நான்." இரண்டும் என் கையெழுத்து இல்லை. நீல மையில் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. கீழே, முன்பு எங்கள் வரிசையில் குடியிருந்த ஒருவரின் கையொப்பம்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது இதனால்தான். பெயர் வேண்டாம். எழுதினால் எப்படியாவது தேடிப் படித்துவிடுவார். நான் எங்காவது பிழையாக எழுதியிருந்தால், "தப்பு என் மேலதான் தம்பி, நான் ஒழுங்கா வாழ்ந்திருந்தா நீங்க ஒழுங்கா எழுதியிருப்பீங்க" என்பார்.

அந்த ஒரு வாக்கியம்தான் அவர். உயரமான மனிதர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துத் தலையை இடப்பக்கம் சற்றே சாய்த்து, "தப்பு என் மேலதான்" என்பார். நாம் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நமக்குப் பேச ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் வரிசையில் மூன்றாவது குவார்ட்டர்ஸ் அவருடையது. நாங்கள் குடிவந்த மாதம், பலாக்காய் பறிக்க என் மர ஏணியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஏணி நான்காம் படி இல்லாமல் வந்தது. ஏணிக்கு முன்னால் அவர் வந்தார். கைகள் சேர்ந்திருந்தன. அவர் சொல்லி முடித்தபோது, ஏணி உடைந்ததை விட அவர் மனம் உடைந்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. என் மனைவி காபி கொடுத்தாள். நானே, "விடுங்க சார், பழைய ஏணி" என்றேன். அது வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஏணிக்கு இன்றும் நான்காம் படி கிடையாது. மூன்றிலிருந்து ஐந்துக்கு எட்டித்தான் கால் வைக்கிறேன்.

இன்னொரு முறை வட்டத்து ஆட்களைக் கோவிலுக்கு அழைத்துப்போக வேன் ஏற்பாடு செய்தார். ஐந்து மணிக்கு வரவேண்டிய வேன் ஏழேகாலுக்கு வந்தது. கைக்குழந்தைகளோடு எல்லோரும் சாலையில் நின்றிருந்தோம். டிரைவரைத் திட்டலாம் என்று இரண்டு பேர் முன்னால் போனார்கள். இவர் வேன் படியில் ஏறி நின்று, டிரைவர்மேல் குற்றமில்லை, நேரத்தைத் தவறாகச் சொன்னது தான்தான், முழுப்பொறுப்பும் தன்னுடையது என்றார். கைதட்டினார்கள். இரண்டேகால் மணி நேரம் தெருவில் நிறுத்தியதற்காகக் கைதட்டல் வாங்கிய ஒரே மனிதரை நான் அன்று பார்த்தேன்.

அவர் மனைவி அலுத்துப்போய் என் மனைவியிடம் ஒருநாள் சொன்னார். "அவர்கிட்ட சண்டையே போட முடியாதுங்க. நான் ஆரம்பிக்கறதுக்குள்ள தோத்துட்டுப் பேப்பர் படிக்க உக்காந்துடறாரு."

ஆபீஸில் இதையே ஒரு தொழிலாக ஆக்கியிருந்தார். யாருக்காவது மெமோ வந்தால் பதில் எழுத அவரிடம்தான் போவார்கள். "எனது கவனக்குறைவே இதற்கு முழுமுதற் காரணம் என்பதை மிகுந்த மனவேதனையுடன் ஒப்புக்கொள்கிறேன்" என்று தொடங்கி முக்கால் பக்கம் எழுதித் தருவார். படித்தால் மெமோ கொடுத்த அதிகாரிக்கே வருத்தம் வரும். அதற்கு அவரிடம் ஒரு கொள்கை இருந்தது.

"மறுத்து எழுதினா விசாரணை வரும் தம்பி. ஒத்துக்கிட்டு எழுதினா ஃபைலுக்குப் போயிடும்."

ஓய்வு பெற்றதும் ஒரு காண்ட்ராக்டர் அவரைத் தன் ஆபீஸில் எழுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார். காண்ட்ராக்ட் ஆட்கள் ஆலைக்குள் போக ஆண்டுக்கொருமுறை கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பப் பாரம் நிரப்புவது, ஆளுக்கு மூன்று போட்டோ வாங்கி ஒட்டுவது, கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அதை வைத்துத்தான் இங்கேயே வாடகைக்குத் தங்கினார்.

இனி நாடகம். எங்கள் வட்டத்தில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து போடப்படும் மூன்று அங்க நாடகம். மில் முதலாளி வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அந்த நேரம் பார்த்துக் கிராமக் கணக்கர் சாவுப் பதிவேட்டோடு வருகிறார். அந்த வீட்டில் வேலை செய்து துரத்தப்பட்ட ஒரு பெண் இறந்துவிட்டாள். பதிவேட்டில் "காரணம்" என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பாமல் அவர் எழுந்திருக்க முடியாது. மேசைமேல் அந்தப் பெண்ணின் படம், மாலையோடு. வீட்டில் ஒவ்வொருவரும் முதலில் அவளைத் தெரியாது என்கிறார்கள். பேசப் பேச, அவளுக்கு ஒவ்வொருவரும் ஏதோ ஒன்று செய்திருப்பது வெளியே வருகிறது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து "காய்ச்சல்" என்று எழுதச் சொல்கிறார்கள். கணக்கர் எழுதுகிறார், மையை ஒற்றி எடுக்கிறார், போகிறார். திரை.

பதினோரு ஆண்டுகள் மில் முதலாளியாக நடித்தவர் இவர்தான். முடிவை மாற்றியவரும் இவர்தான். கணக்கர் எழுதப் போகும்போது முதலாளி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, சபையைப் பார்த்துக் கைகூப்பி, "தப்பு என் மேல்தான்" என்று சொல்வதாக வைத்தார். எழுதியவரின் முடிவே சரி என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"ஜனங்க அழணும் தம்பி. அழுதாத்தான் வீட்டுக்கு லேசாப் போவாங்க" என்றார்.

அழுதார்கள். வெளியே வந்து போண்டா தின்றார்கள். உட்காரும் வரிசையைத் தயாரித்தது நான்: முன்னால் அதிகாரிகளுக்குச் சோபா, பிறகு கிரேடுப்படி நாற்காலிகள், காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தால் ஜன்னலோரம் நிற்கலாம். சோபாவுக்கு மட்டும் காடாம்புலியூர் முந்திரி, வறுத்தது. ஏழைப்பெண் சாவைப் பற்றிய நாடகத்துக்கு நான் தயாரித்த அந்த வரிசையில் ஒரு வருஷமும் ஒரு நாற்காலிகூட இடம் மாறியதில்லை.

எங்களுக்கு ஆண்டுதோறும் இருந்த சங்கடம் அந்தப் படம். உயிரோடு இருக்கும் பெண்ணின் படத்துக்கு மாலை போடுவதா? டவுன்ஷிப்பில் எந்த வீட்டிலும் மகள் படத்தையோ மருமகள் படத்தையோ தர மாட்டார்கள். நடிக்க வரும் பெண்களும் மாட்டேன் என்றார்கள். ஒரு வருஷம் காலண்டர் படத்தை வெட்டி ஒட்டினோம். மூன்றாம் அங்கத்தில் மாலைக்குள்ளிருந்து நகைக்கடை விளம்பரப் பெண் பல் தெரியச் சிரித்தாள், சபையும் சிரித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாடகத்தைக் கடைசியாகப் போட்டோம். அந்த வருஷம் இவர் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு வந்தார். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். ஒல்லியான முகம், கேமராவை நேராகப் பார்க்கிற கண்.

"யாருன்னே தெரியாத முகமா இருக்கணும்ல? பாரக் கட்டுல கிடைச்சுது. பெருசு பண்ணிட்டுச் சின்னதக் குடுங்க தம்பி, பாரத்தோட போகணும்."

ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனவன் நான். பெரிதாக்கி, சட்டம் போட்டு, பட்டியலில் பதினான்காம் எண்ணாக ஏற்றினேன். சிறிய படத்தை ஓர் உறையில் போட்டு, உறைமேல் 14 என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான்கு நாள் கழித்து அவர் போன் செய்து அந்தப் படத்தைக் கேட்டார். பட்டியலில் ஏறிய பொருள் நாடகம் முடியும்வரை வெளியே போகக்கூடாது என்பது மன்றத்து விதி. விதியை எழுதியவன் நான். அதைச் சொன்னேன்.

"சரி தம்பி. தப்பு என் மேலதான், ஏத்தறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் ஒருமுறை கேட்டார். அதே பதில் சொன்னேன். அவரும் அதே பதில் சொன்னார்.

படத்திலிருந்தவள் பெயர் அஞ்சலாட்சி. கம்மாபுரம் பக்கம் ஊர். ஆலைக்குள் கேன்டீனில் டீ ஊற்றுகிறவள், அப்போதே ஏழு வருஷமாக. காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் நான் டீ வாங்கியது அவள் கையால்தான். நாடகக் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான். ஒத்திகையில் அந்தப் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு மூன்று வாரம், "இவளை நான் பார்த்ததே இல்லை" என்று வசனம் பேசினோம். ஒருவரும் நடிக்கவில்லை. டீ வாங்கும்போது யாரும் டம்ளருக்கு மேலே பார்ப்பதில்லை.

அவள் பாரம் ஒரு படம் குறைகிறது என்று திரும்பி வந்து, காண்ட்ராக்டர் ஆபீஸ் மேசையில் கிடந்தது. பழைய பாஸின் தேதி முடிந்தது. கேட்டில் நிறுத்தினார்கள். ஆபீஸில் கேட்டபோதெல்லாம் வந்துவிடும் என்றார்கள். அந்தக் காண்ட்ராக்டரிடம் ஒரு கணக்கு இருந்தது: இருபது நாள் சேர்ந்தாற்போல் வேலைக்கு வராவிட்டால் சர்வீஸ் முறிந்தது, மறுபடி புது ஆள். ஏழு வருஷமும் போய்விடும். பாஸ் இல்லாத ஆட்களை அதுவரை வெளிவேலைக்கு அனுப்புவார்கள். அது வருகையில் சேராது. அப்படித்தான் நாடகத்தன்று எங்கள் மன்றத்துக்கு நாற்காலி தூக்க அஞ்சலாட்சி வந்தாள். கூட அவள் அம்மாவும் வந்தாள். அன்று பத்தொன்பதாம் நாள்.

ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு ஐந்துக்கு முடிந்தது. முன்வரிசையில் இரண்டு அதிகாரிகளின் மனைவிமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒப்பனை அறையில் நாங்கள் போண்டாவைக் கையில் எடுத்தபோது அவள் கதவருகில் வந்து நின்றாள். சட்டத்தோடு இருந்த படம் மேசைமேல் இருந்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. படத்தைப் பார்த்தோம், அவளைப் பார்த்தோம்.

"மொதல்ல அந்த மாலைய எடுங்க" என்றாள்.

நான் எடுத்தேன்.

"உயிரோட நிக்கிறன்ங்க. எங்கம்மா ஜன்னலாண்ட நின்னுக்கினு பாத்துக்கினு இருந்துச்சு. இப்ப வெளிய உக்காந்து அழுவுது."

அவர் எழுந்தார். மில் முதலாளியின் பட்டுச் சட்டை, ஜரிகைத் துண்டு, ஒட்டிய மீசை எதுவும் கலையவில்லை. கைகள் நெஞ்சுக்கு நேரே சேர்ந்தன. தலை இடப்பக்கம் சாய்ந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் முந்நூறு பேர் பார்த்து அழுத அதே நிலை.

"தப்பு என் மேலதாம்மா. முழுக்க என் மேலதான்."

அவள் காத்திருந்தாள். அவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் சொல்லாததால் அவளே கேட்டாள்.

"செரிங்க. தப்பு உங்க மேலதான். பாசு எப்பங்க வரும்?"

அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் இன்னொரு கேள்வி கேட்டு நான் அதற்குமுன் கண்டதில்லை. அவரும் கண்டதில்லை என்று அவர் கைகளைப் பார்த்தபோது தெரிந்தது. சேர்ந்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"ரெண்டு நாள்ல வந்துடும்மா."

"நாளைக்கு இருவதாம் நாளுங்க. போட்டோ ஒண்ணு கொறையுதுன்னு நேத்துதாங்க சொன்னாங்க. நான் மூணு குடுத்தன், எண்ணித்தான் குடுத்தன். மூணாவது இங்க மால போட்டுக்கினு இருக்குது. இது பெருசாச்சே, பாரத்துல ஒட்ட முடியாது. சின்னது எங்கங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.

மன்றத்திலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் நான்கு நிமிடம். நாடகம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது; ஆகவே விதிகூடத் தடையில்லை. ஆனால் அறையில் அவரையும் அவளையும் தவிர ஒன்பது பேர் இருந்தார்கள். என் பீரோவில் ஒரு பொருள் தேவையில்லாமல் மூன்று வாரம் இருந்தது என்று அந்த ஒன்பது பேரில் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கையிலிருந்த மாலையை மேசைமேல் வைத்தேன்.

"தொலைஞ்சு போச்சும்மா" என்றார் அவர். "நான்தான் தொலைச்சேன்."

பிறகு ஜரிகைத் துண்டை மட்டும் நாற்காலியில் போட்டுவிட்டு, அவளையும் அவள் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். மீசையை எடுக்க மறந்துவிட்டார். ஸ்டூடியோக்காரர் அவரைத்தான் படம் எடுக்க வேண்டுமென்று நினைத்து முதலில் ஸ்டூலைக் காட்டினாராம். அதற்குமுன் பெரிய படத்தைச் சட்டத்திலிருந்து உருவி அஞ்சலாட்சி தன் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைப் புடவைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பாரத்தோடு அவர் ஒரு கடிதமும் வைத்தார். அதைப் பார்த்த ஆபீஸ்காரர் ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். மனவேதனை இல்லை, முழுமுதற் காரணம் இல்லை. நான்கு வரி. படத்தைப் பாரத்திலிருந்து எடுத்தது நான். தாமதத்துக்கு நான் மட்டுமே காரணம். இந்தப் பெண் எல்லா நாளும் வேலைக்குத் தயாராக வந்திருக்கிறாள். இவள் சர்வீஸை முறியாததாகக் கொள்ள வேண்டும்.

சர்வீஸ் முறியவில்லை. இருபதாம் நாள் சாயங்காலம் பாஸ் வந்தது. கடிதம் மட்டும் ஃபைலுக்குப் போகவில்லை. நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்குக் காண்ட்ராக்டருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, எழுத்திலேயே கிடைத்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

இப்படி ஆகும் என்று தெரிந்து எழுதினாரா, எப்போதும்போல் வாயில் வந்ததை எழுதினாரா என்று ஆறு வருஷமாக யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்தது.

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைப் பக்கம் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள், தகரப்பெட்டியை என்னிடம் ஒப்படைக்க வந்தார். பட்டியலைக் கேட்டு வாங்கி, பதினான்காம் எண்ணுக்கு நேரே எழுதிக் கையொப்பம் போட்டார். சிறிய படம் எங்கே இருக்கிறது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"உங்க பட்டியல்ல ஒரு பொருள் குறைஞ்சுடுச்சு தம்பி. தப்பு என் மேலதான்."

"பரவால்ல சார்" என்றேன்.

என் மனைவி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தார். போகும்போது பீரோவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதை நான் பார்த்தேன்.

அதன்பின் அவரை நான் சந்திக்கவில்லை. போன் எண் இருக்கிறது. அஞ்சலாட்சியை வாரத்துக்கு ஐந்து நாள் பார்க்கிறேன். இப்போதும் கேன்டீனில் அவள்தான் டீ ஊற்றுகிறாள். எனக்குச் சர்க்கரை அரை ஸ்பூன் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் வரிசை நிற்கும். இதைச் சொல்ல அது இடமல்ல என்று தினமும் இரண்டு முறை நினைத்திருக்கிறேன்.

மாலை ஐந்து மணிக்குச் செயலாளருக்குப் போன் செய்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, படம் மட்டும் சட்டத்தில் இல்லை என்றேன். பட்டியலில் காணவில்லை என்று எழுதியிருக்கும், அதை நம்ப வேண்டாம், சிறிய படம் அன்றிலிருந்து என் பீரோவில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். பிறகு, "தப்பு என் மேலதான்" என்றேன்.

"அட, பரவால்ல சார்" என்றார் உடனே. "இதுக்குப் போயி. இப்பல்லாம் கம்ப்யூட்டரே ஒரு மொகம் செஞ்சு குடுத்துடும். யாரோட மொகமும் கிடையாது. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியிலேயே இருந்தேன். ஆறு வருஷம் தூக்கிச் சுமந்ததைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அவர் ஏன் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போது விளங்கியது. யாரும் எப்போது பாஸ் வரும் என்று கேட்காதவரை அதைவிடச் சுகமான வாக்கியம் தமிழில் இல்லை. அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு. நாலரைக்கு எழுந்தேன். முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து 14 என்று எழுதிய உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முதல் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு ஐந்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அஞ்சலாட்சி சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள்.

"இன்னா சார், இந்நேரத்துல? வூட்டுல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?"

உறையை நீட்டினேன். வழியெல்லாம் மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஒன்றுதான் வந்தது. "அன்னிக்கு இது தொலையல. என்கிட்டதான் இருந்தது."

அவள் படத்தை எடுத்து விளக்குக் கம்பத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "எம்மாம் ஒல்லியா இருந்திருக்கறன்" என்றாள். பிறகு, "தெரியுங்க" என்றாள்.

"யாரு சொன்னாங்க? அவரா?"

"அவரு எங்க சொன்னாரு. நீங்கதான் அன்னிக்குச் சட்டப்பையில சாவியத் தடவிக்கினே நின்னீங்களே. தொலைஞ்சு போன பொருளுக்கு யாருங்க சாவியத் தடவுவாங்க?"

அன்றே கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நீங்களும் கையக் கூப்பிக்கினு நின்னிருப்பீங்க. எனக்குப் பாசுதாங்க வோணும்."

ஷிப்ட் பஸ்ஸின் வெளிச்சம் திருப்பத்தில் தெரிந்தது. அவள் படத்தை உறையில் போட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கிட்ட குடுத்து இன்னா பண்றது? தொலைச்சேன்னு சொன்னவரு அவருதான். கெடைச்சிடுச்சுன்னு அவராண்ட போயி காட்டுங்க. பண்ருட்டி பஸ்ஸு அஞ்சே முக்காலுக்குங்க. அங்க எறங்கி நெல்லிக்குப்பத்துக்கு மாறிக்கலாம்."

ஏறிக்கொண்டாள். பஸ் போனது.

மணி ஐந்து இருபத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிடத்தில் வீட்டில் தண்ணீர் வந்துவிடும். டிரம் மூடியைக்கூடத் திறந்து வைத்துவிட்டு வரவில்லை. சாலையைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். சாவி இல்லை; பீரோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். உறை இருந்தது. பண்ருட்டி பஸ் மூன்று நிமிடம் தாமதமாக, ஐந்து நாற்பத்தெட்டுக்கு வந்தது. ஏறினேன்.